செகாம்புட் கார்னர் வீட்ல ஃபெஸ்க்யூ புல் ஏன் நிக்கல

2024 பிப்ரவரி கடைசில ஒரு அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, புல்லு வட்ட வட்டமா காயுது, தண்ணி ஊத்த ஊத்த இன்னும் மோசமாவுது, ஒரு தடவ வந்து பாருங்களேன்"னாங்க. தண்ணி ஊத்த ஊத்த மோசமாவுதுன்னு ஒருத்தர் சொன்னா அதை லேசா விடக்கூடாது, அதுல பாதி பதில் இருக்கும். கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, புல்லு போடுற வேலை பதினேழு வருஷமா பார்க்கிறேன், இந்த ஒரு கேஸ்ல கத்துக்கிட்டது நிறைய, அதனால முழுசா எழுதி வைக்கிறேன். இதே ஃபெஸ்க்யூ விதை பாக்கெட்டை வாங்கிட்டு நம்ம ஆளுங்க இன்னும் எத்தனை பேரு கஷ்டப்படுறாங்களோ.

அக்கா ரிட்டயர்ட் நர்ஸ், வீடு செகாம்புட் பக்கம், கார்னர் லாட். பக்கவாட்டுல கிட்டத்தட்ட 1,200 சதுர அடி திறந்த இடம், பின்னாடி மூலைல ஒரு பெரிய மாமரம். மகன் குடும்பத்தோட கிறைஸ்ட்சர்ச்ல இருக்கார். 2023ல அக்கா அங்க போய் ரெண்டு மாசம் தங்கிருக்காங்க. பேரன் செருப்பு இல்லாம அந்த வீட்டு புல்லுல உருண்டு விளையாடினதை சொல்லும்போதே முகம் மாறிடுச்சு அவங்களுக்கு. அதே மாதிரி புல்லு நம்ம வீட்லயும் இருந்தா பேரன் வந்தா இங்கயும் உருளுவான்ல, அவ்ளோதான் ஆசை. ஊருக்கு வந்ததும் ஆன்லைன்ல தேடி டால் ஃபெஸ்க்யூ விதை அஞ்சு கிலோ வாங்கிட்டாங்க. பாக்கெட்ல பெருசா வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், நிழல்லயும் வரும்னு போட்டிருந்துச்சு. பொய்னு சொல்ல முடியாது. ஆனா யாருக்காக எழுதுனது, எந்த ஊருக்காக எழுதுனதுங்கிறது அதுல இல்ல.

டிசம்பர் நடுவுல விதைச்சிருக்காங்க. மழைக்காலம், ராத்திரி கொஞ்சம் குளிர்ச்சி, ஒன்பதாவது நாள் முளை வந்துடுச்சு. பொங்கலுக்கு மகனுக்கு அனுப்பின போட்டோவை எனக்கும் காட்டினாங்க, நெஜமாவே அழகா இருந்துச்சு, பச்சைன்னா அப்படி ஒரு கரும்பச்சை, மெல்லிசா நிமிந்து நிக்குது. தைப்பூசத்துக்கு பத்துமலை போயிட்டு வந்த மறுவாரம்தான் முதல் வட்டம் கண்ணுல பட்டிருக்கு, ஒரு சாப்பாட்டு தட்டு அளவு. பிப்ரவரி முடியுறதுக்குள்ள அந்த மாதிரி இருபதுக்கு மேல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பெரிய பெரிய திட்டா ஆயிடுச்சு.

காயுதேன்னு பயந்து அக்கா மூணு வேலை பண்ணிருக்காங்க, மூணும் நல்லெண்ணத்துல பண்ணதுதான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஹோஸ் பைப்ல நல்லா நனையிற மாதிரி தண்ணி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பாஜா, அதாவது உரம், 15-15-15, கூடவே கொஞ்சம் யூரியா. அப்புறம் தாமான்ல, அதான் எங்க குடியிருப்புப் பகுதில, புல்லு வெட்ட வர்ற தம்பிகிட்ட "நல்லா ஒட்ட வெட்டுப்பா, புதுசா தளிர் வரட்டும்"னு சொல்லி, அவரும் முதுகுல மாட்டுற மெசின வச்சு ரெண்டு சென்டிமீட்டருக்கு இறக்கிட்டாரு. இங்க மைதானத்துல இருக்கிற கவ் கிராஸ்னா இது ஒண்ணும் பண்ணாது. டால் ஃபெஸ்க்யூவுக்கு ஏழரைல இருந்து பத்து சென்டிமீட்டர் உயரம் வேணும், அது படர்ற புல்லு கிடையாது, கொத்து கொத்தா வர்ற ஜாதி. ஒரு கொத்து செத்தா பக்கத்து கொத்து வந்து அந்த இடத்தை மூடாது, மறுபடி விதைதான் போடணும்.

மார்ச் முதல் வாரம் காலைல ஏழரைக்கு போனேன். வேணும்னேதான் அந்த நேரம், பனித்துளி காயுறதுக்கு முன்னாடி பார்த்தாதான் பூஞ்சை காட்டிக்கொடுக்கும். மண்டி போட்டு குனிஞ்சு பார்த்தா வட்டத்தோட ஓரத்துல சாம்பலும் பழுப்பும் கலந்த மாதிரி ஒரு வளையம், புகை படிஞ்ச மாதிரி, ரெண்டு விரல் அகலம். ஒரு இலையை கிள்ளி கைல வச்சு பார்த்தேன், நடுவுல வைக்கோல் நிறத்துல ஒரு புண்ணு, அதைச் சுத்தி கரும்பழுப்பு கோடு வரைஞ்ச மாதிரி. இது பிரவுன் பேட்ச், ரைசோக்டோனியா சொலானிங்கிற பூஞ்சை பண்றது. அது கிளம்புறதுக்கு ராத்திரி சூடு 20 டிகிரிக்கு மேல இருக்கணும், இலை ஒரு பத்து மணி நேரமாவது ஈரமா கிடக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு நனைச்ச புல்லு மறுநாள் காலைல ஒன்பது மணி வரைக்கும் காயாது, பதினாலு மணி நேரம் ஆச்சு. மேல யூரியா வேற, அதுல வர்ற இலை மெத்து மெத்துன்னு தண்ணியா இருக்கும், பூஞ்சைக்கு கடிக்க சுலபம். தண்ணி ஊத்த ஊத்த ஏன் மோசமாச்சுங்கிறதுக்கு பதில் அங்கயே கிடைச்சிடுச்சு.

இதோட முடிச்சிருந்தா நான் ஒரு மருந்தை அடிச்சிட்டு, காலைல தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டு காசு வாங்கிட்டு கிளம்பிருப்பேன். ஆனா கத்தியால ஒரு கொத்தை அடியோட பேத்து எடுத்து பார்த்தப்ப மனசு சரியில்ல. வட்டம் விழாத, பச்சையா இருக்கிற இடத்துல இருந்துதான் எடுத்தேன், அதுலயும் வேர் ரெண்டு விரக்கடைதான் இருக்கு. மேல கொஞ்சம் வெள்ளை, கீழ எல்லாம் பழுப்பாகி நூல் மாதிரி உரியுது. டால் ஃபெஸ்க்யூ பேர் வாங்கினதே ஆழமான வேராலதான், நல்ல மண்ணுல ரெண்டு மூணு அடி இறங்குற புல்லு. நோய் வராத கொத்துக்கும் வேர் இல்லன்னா நோய்க்கு முன்னாடியே வேற ஏதோ அதை தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மண்ணையும் தோண்டினேன். எட்டு சென்டிமீட்டர் நல்ல மண்ணு, அதுக்கு கீழ வீடு கட்டின காலத்து செம்மண்ணு, கல்லு, சிமெண்ட் கட்டி. இது இங்க எல்லா தாமான்லயும் உள்ள கதைதான், இதனால மட்டும் வேர் அழுகாது.

அடுத்து சூட்டை அளந்தேன். அதிகபட்சம் குறைஞ்சபட்சம் காட்டுற தெர்மாமீட்டர் ஒண்ணை மாமரத்து நிழல்ல, இலை உயரத்துலயே கட்டி ஒன்பது ராத்திரி விட்டு வச்சேன். ஆகக் குறைஞ்சது 24.8 டிகிரி. மத்த ராத்திரி எல்லாம் 25, 26. வெயில் படுற இடத்துல மதியம் மூணு மணிக்கு மண்ணுக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துல 36. அந்த வருஷம் எல் நீனோ, சூடு கொஞ்சம் கூடதான். ஆனா சாதாரண வருஷத்துலயும் கேஎல் ராத்திரி 24 டிகிரி கிட்டதான் நிக்கும், ஜனவரி ஆனாலும் ஜூலை ஆனாலும்.

இங்கதான் விஷயமே இருக்கு. ஃபெஸ்க்யூ குளிர்கால புல்லு. இலைக்கு பிடிச்ச சூடு 15ல இருந்து 24 டிகிரி, வேருக்கு அதைவிட கம்மி, 10ல இருந்து 18. நம்ம ஊர் புல்லுக்கும் அதுக்கும் சாப்பாடு சமைக்கிற முறையே வேற. காத்துல இருக்கிற கரியமிலவாயுவை பிடிச்சு சர்க்கரை ஆக்குறது ரூபிஸ்கோங்கிற என்சைம். சூடு ஏறினா அது குழம்பிப்போய் கரியமிலவாயுக்கு பதிலா ஆக்சிஜனை பிடிக்க ஆரம்பிச்சிடும், அப்ப சர்க்கரை ஆகறதுக்கு பதிலா ஏற்கனவே உள்ளதும் வீணாவும். கவ் கிராஸ், பிலிப்பீன் கிராஸ், பெர்முடா இதெல்லாம் முன்னாடியே கரியமிலவாயுவை சேர்த்து வச்சு ரூபிஸ்கோ பக்கத்துல கொண்டுபோய் கொடுக்கிற ஜாதி, அதனால 33 டிகிரிலயும் நல்லா சமைக்கும். ஃபெஸ்க்யூவுக்கு அந்த வசதி கிடையாது, பகல்ல சம்பாதிக்கிறது கம்மி.

ராத்திரிதான் பெரிய செலவு. செடி ராத்திரி முழுக்க மூச்சு விட்டு சர்க்கரையை எரிச்சுக்கிட்டே இருக்கும், பத்து டிகிரி கூடினா அந்த செலவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கிறைஸ்ட்சர்ச்ல கோடைல கூட ராத்திரி பன்னெண்டு டிகிரி கிட்ட இறங்கிடும், இங்க 25. வரவு குறைஞ்சு செலவு ரெண்டு மடங்கு ஆனா குடும்பத்துல முதல்ல எதுல கை வைப்போம், சேமிப்புலதானே, புல்லுக்கு சேமிப்பு வேர்லயும் அடிக்கட்டைலயும் இருக்கு. மேல பச்சை தெரியுற வரைக்கும் நமக்கு தெரியாது, கீழ காலியாகிக்கிட்டே இருக்கும். அக்கா வீட்டுப் புல்லு டிசம்பர்ல முளைச்சு ஜனவரில அழகா நின்னது விதைக்குள்ள இருந்த சேமிப்புலயும் அந்த மழைக்கால குளிர்ச்சிலயும்தான்.

அப்போ "வெயில் தாங்கும்"னு ஏன் எழுதுறாங்க? இதை சரியா புரிஞ்சிக்கணும்னா ஃபெஸ்க்யூ எங்க பேர் வாங்குச்சுன்னு தெரியணும். 1931ல அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல, மெனிஃபி கவுண்டில ஒரு மலைச்சரிவு பண்ணைல, மத்த புல்லெல்லாம் அடங்கிப்போன நேரத்துல ஒரு புல்லு மட்டும் பச்சையா நிக்கிறதை ஃபெர்கஸ்ங்கிற பல்கலைக்கழக பேராசிரியர் பார்த்து விதை எடுத்துக்கிட்டு போனார். அதை சோதிச்சு பார்த்து 1943ல கென்டக்கி 31ங்கிற பேர்ல வெளியிட்டாங்க. அங்கெல்லாம் கோடை கொளுத்தும், குளிர்காலம் உறையும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டின ஊருங்க. மத்த குளிர்கால புல்லு கோடைல செத்துடும், சூட்டு புல்லு குளிர்ல காவி நிறமாகி படுத்துடும், ஃபெஸ்க்யூ மட்டும் ரெண்டையும் சமாளிச்சு நிக்கும். சாலையோர சரிவு, தண்ணி ஓடுற வாய்க்கால் கரை, விளையாட்டு மைதானம், மாட்டு மேய்ச்சல்னு எல்லா இடத்துலயும் போட்டாங்க. அப்புறம் இலை மெல்லிசா உள்ள லான் ரகங்க வந்துச்சு, அக்கா வாங்கினதும் அப்படி ஒண்ணுதான்.

ஆக "வெயில் தாங்கும்"னா அதோட சொந்தக்கார புல்லுங்களை விட நல்லா தாங்கும்னு அர்த்தம். மூணு மாசம் கோடை, அதை சேமிப்பை தின்னே ஓட்டிடும், செப்டம்பர் வந்ததும் ராத்திரி குளிரும், விட்டதை எல்லாம் திரும்ப சேர்த்துக்கும். நமக்கு செப்டம்பர் குளிர் கிடையாது. மூணு டிகிரி அட்சரேகைல உக்காந்திருக்கோம், வருஷம் பன்னெண்டு மாசமும் அதுக்கு கோடைதான், சேமிப்பை திரும்ப சேர்க்க ஒரு வாரம் கூட கிடைக்காது. அக்காகிட்ட இதை சொன்னேன். "அப்ப நான் சரியா பார்த்துக்காததால இல்லையா தம்பி?"ன்னு கேட்டாங்க. அந்த ரெண்டு மாசமும் அவங்க தன்னையேதான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க, ராத்திரி எந்திரிச்சு டார்ச் அடிச்சு பார்ப்பாங்களாம். சாயங்கால தண்ணியும் யூரியாவும் சாவை சீக்கிரமாக்குச்சு, அது உண்மை. அது இல்லாட்டியும் நாலு மாசம் போயிருக்கும், அவ்ளோதான்னு சொன்னேன்.

வாயால சொன்னா பத்தாது, எனக்கும் உறுதி வேணும். மிச்சம் இருந்த விதைல ரெண்டு தட்டு போட்டேன், ஒரே பாக்கெட், ஒரே மண்ணு கலவை, ஒரே ஆழம். ஒண்ணு அக்கா வீட்லயே, காலை வெயில் படுற இடத்துல. இன்னொண்ணு என் மச்சான் தானா ராத்தால காய்கறி தோட்டம் வச்சிருக்கார், கேமரன் மலை, 1,400 மீட்டருக்கு மேல, லோரி வர்றப்ப கொடுத்து விட்டேன். கேஎல் தட்டுக்கு நான் எந்த குறையும் வைக்கல, தண்ணி காலைல மட்டும், யூரியா கிடையாது, அசாக்ஸிஸ்ட்ரோபின்ங்கிற பூஞ்சை மருந்து முறைப்படி, கத்தரிக்கோலால எட்டு சென்டிமீட்டருக்கு குறையாம வெட்டு. வட்டம் விழல, ஒரு புண்ணு கூட வரல. ஆனா ஏழாவது வாரத்துல இருந்து நுனி மஞ்சளாகி, கொத்து ஒவ்வொண்ணும் சன்னமாகி, மே கடைசில எண்ணிப் பார்த்தா பத்துல ரெண்டு கொத்துதான் உயிரோட. தூக்கினா தட்டுல இருந்து மண்ணு உதிருது, வேர் பிடிச்சு வைக்கல. மச்சான் அன்னிக்கே போட்டோ அனுப்பினார், தட்டுக்கு அடில இருக்கிற ஓட்டை வழியா வெள்ளை வேர் வெளிய வந்து தொங்குது. அவர் ஒரு நாளும் மருந்து அடிக்கல, சில நாள் தண்ணி ஊத்தவே மறந்துட்டாராம். அங்க ராத்திரி 16 டிகிரி.

ரெண்டு தட்டு வச்சு பெரிய ஆராய்ச்சின்னு சொல்லல. ஆனா நோயையும் மெசினையும் யூரியாவையும் கழிச்சிட்டு பார்த்தாலும் புல்லு நிக்கலன்னா மிச்சம் இருக்கிறது சூடு மட்டும்தான்.

நடுவுல இன்னொண்ணு. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட தம்பி ரவாங் பக்கம் மாடு வளர்க்கிறார், வெட்டின புல்லை மாட்டுக்கு போடலாமான்னு கேட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டேன். லானுக்கு விக்கிற டால் ஃபெஸ்க்யூல நிறைய ரகத்துல இலைக்குள்ளயே ஒரு பூஞ்சை குடியிருக்கும், கண்ணுக்கு தெரியாது, புல்லுக்கு அது நல்லது, பூச்சி கிட்ட வராது. ஆனா அது உண்டாக்குற எர்கோவாலின் மாட்டுக்கு ரத்தக்குழாயை சுருக்கும், பால் குறையும், உடம்பு சூட்டை வெளிய தள்ள முடியாம மூச்சிறைக்கும், குளிர் நாட்டுல குளம்பே அழுகி விழுந்திருக்கு. சினைக்குதிரைக்கு ரொம்ப ஆபத்து. பாக்கெட்ல என்ன ரகம்னு தெரியாம மாட்டு வாய்க்கு கொண்டு போகக்கூடாது. விதையை வெளிநாட்ல இருந்து பையில போட்டு கொண்டு வர்றவங்களும் கவனம், விதைக்கு இறக்குமதி பெர்மிட் வேணும், சும்மா சட்டத்துக்காக இல்ல, களையும் நோயும் இப்படித்தான் ஊருக்குள்ள வருது.

ஜூன்ல வேலை ஆரம்பிச்சோம். அதுக்குள்ள ஃபெஸ்க்யூ செத்த இடத்துல எல்லாம் கோரை, தொட்டாச்சிணுங்கி, கெமுன்சூப் ஏறிடுச்சு, அந்த கெமுன்சூப் முள்ளு கால்சட்டை முழுக்க ஒட்டிக்கிட்டு வரும், தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு தெரியும். கோரையை கைலயே கிழங்கோட தோண்டி எடுக்க மூணு நாள் ஆச்சு, அதை அவசரப்பட்டு மூடிட்டா புது புல்லுக்கு மேலயே குத்திக்கிட்டு வரும். பழைய மண்ணை ஒரு சாண் கொத்தி, கல்லு கட்டி பொறுக்கி, ஆத்து மணலும் மேல்மண்ணும் கலந்து ரெண்டு இஞ்ச் போட்டு, வடிகாலுக்கு தண்ணி ஓடுற மாதிரி லேசா சரிவு கொடுத்தோம்.

எந்த புல்லுங்கிறதுல அக்காவுக்கும் எனக்கும் ரொம்ப நேரம் பேச்சு. அவங்களுக்கு அந்த மெல்லிய இலை வேணும், கவ் கிராஸ்னா மைதானம் மாதிரி இருக்கும்னு மனசு ஒப்பல. வெயில் படுற பெரிய பகுதிக்கு பிலிப்பீன் கிராஸ் போட்டோம், ஸாய்சியா மட்ரெல்லா, இலை ஊசி மாதிரி மெல்லிசு, அடர்த்தியா படரும், மிதிச்சா தாங்கும். மெதுவா வளரும், அது குறைன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது நல்லதாதான் படுது, வெட்டு வேலை கம்மி. மூணு சென்டிமீட்டர் உயரத்துல வச்சா போதும். ஒரு துண்டை வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு அக்காவை செருப்பை கழட்டி நிக்க சொன்னேன். கண்ண மூடி நின்னாங்க. "கொஞ்சம் குத்துது, ஆனா நல்லாருக்கு"ன்னாங்க. மாமரத்தடிக்கு அது ஆகாது, நிழல்ல சன்னமாயிடும், அங்க பேர்ல் கிராஸ், கவ் கிராஸ்லயே குட்டை ரகம், ஆக்சோனோபஸ் ஜாதி நிழலை நல்லா பொறுத்துக்கும்.

சுங்கை பூலோ பக்கம் நர்சரில இருந்து துண்டு துண்டா எடுத்துட்டு வந்து அன்னிக்கே போட்டோம், புல்லு துண்டு லோரில ஒரு ராத்திரி கிடந்தாலே உள்ள வெந்துடும். முதல் ரெண்டு வாரம் காலைல ஒரு தடவ, மதியம் மூணு மணிக்கு ஒரு தடவ தண்ணி, அதுக்கப்புறம் காலைல மட்டும், மழை பெஞ்ச நாள்ல அதுவும் கிடையாது. சாயங்காலம் ஹோஸ் பைப்பை தொடவே கூடாதுன்னு அக்காகிட்ட சத்தியம் வாங்காத குறை. புல்லு வெட்டுற தம்பிக்கும் ஒரு மரக்குச்சில மூணு சென்டிமீட்டர் கோடு போட்டு கொடுத்தேன், இன்னும் அதை வச்சுதான் அளக்கிறார்.

நியாயமா ஒண்ணு சொல்லிடுறேன், ஃபெஸ்க்யூ மோசமான புல்லுன்னு யாரும் நினைக்கக்கூடாது. அதோட மெல்லிய ஜாதிங்க, ரெட் ஃபெஸ்க்யூ, ஹார்ட் ஃபெஸ்க்யூ எல்லாம் உரமே இல்லாத மண்ணுல, நிழல்ல, வெட்டாமலே அலை அலையா நிக்கும், ஸ்காட்லாந்து கடலோர கோல்ஃப் மைதானம் எல்லாம் அதுலதான் உயிரோட இருக்கு. நீல நிறத்துல பந்து பந்தா நிக்கிற ப்ளூ ஃபெஸ்க்யூ போட்டோவை காட்டி இது வேணும்னு என்கிட்ட கேட்காத கஸ்டமர் இல்ல. நான் பண்ணித் தர்றதில்ல. நாலு மாசத்துல நடுவுல பழுத்து அழுகுற செடிக்கு காசு வாங்க மனசு வரல. கொத்து கொத்தா வேணும்னா மோண்டோ கிராஸ் போடுறேன், நீலம் வராது, ஆனா வருஷக்கணக்கா நிக்கும். விதை வாங்குறவங்க படத்தை பார்க்காம பின்பக்கம் சின்ன எழுத்துல உள்ள லத்தீன் பேரை பாருங்க. ஃபெஸ்டூக்கா, லோலியம், போவா, அக்ரோஸ்டிஸ், இந்த நாலுல எது இருந்தாலும் கேஎல், பினாங்கு, ஜொகூர் தரைக்கு வேணாம்.

தீபாவளிக்கு மகன் குடும்பம் வந்துச்சு, அதுக்குள்ள துண்டு துண்டா இருந்த கோடு எல்லாம் மறைஞ்சு ஒரே விரிப்பா ஆயிடுச்சு. பேரன் உருண்டானான்னு நான் கேட்டேன், முதல் நாள் கொசுவுக்கு பயந்து உள்ளயே இருந்தானாம், ரெண்டாவது நாள் காலைல இருந்து வெளியதான். மிச்ச விதை ஒன்றரை கிலோவை அக்கா என் மச்சானுக்கே கொடுத்துட்டாங்க, அவர் படிக்கட்டு தோட்டத்தோட ஓரச்சரிவுல தூவி விட்டிருக்கார், மழைக்கு மண்ணு சரியிறது அந்த பக்கம் நின்னுருக்குன்னு சொல்றார். மாமரத்தடிலதான் ஒரு கட்டில் அளவுக்கு இன்னும் பேர்ல் கிராஸ் சரியா மூடல, தாழ்வா போற ரெண்டு கிளையை எடுத்தா வெளிச்சம் விழும். காய் இறங்கட்டும் தம்பி, அப்புறம் வெட்டலாம்னு அக்கா சொல்லிருக்காங்க.